மி.லி. பட்டனை எதுவரை நம்பலாம்? வீட்டுத் தராசில் தண்ணீர் அளப்பது பற்றி

வெள்ளை பிளாஸ்டிக் உடம்பு, மேலே வட்டத் தட்டு, முன்பக்கம் சின்ன டிஸ்ப்ளே, இரண்டு மூன்று பட்டன்கள், அடியில் இரண்டு ஏஏ செல். ஆன்லைனிலும் பாத்திரக் கடைகளிலும் 300 முதல் 600 ரூபாய்க்குள் எத்தனையோ பெயர்களில் கிடைக்கும் இந்த எலெக்ட்ரானிக் கிச்சன் தராசு, பெயர் மாறினாலும் உள்ளே பெரும்பாலும் ஒன்றுதான். பெட்டியில் 5 கிலோ அல்லது 10 கிலோ, 1 கிராம் துல்லியம் என்று போட்டிருக்கும். மாவும் வெண்ணெயும் நிறுக்கத்தான் பலரும் வாங்குகிறார்கள். ஆனால் இந்த விலைக்கு வீட்டில் தண்ணீரை அளக்க இதைவிட நல்ல கருவி கிடையாது. கோடு போட்ட ஜக், மெஷரிங் கப், ‘இது ஒரு லிட்டர் பாத்திரம்’ என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் எவர்சில்வர் சொம்பு, இவை எல்லாவற்றையும்விட இதன் சொல்லை நம்பலாம். ஒரே நிபந்தனை: யூனிட் பட்டனை அழுத்தினால் வருகிற ‘மி.லி.’ உண்மையில் என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தராசின் வயிற்றுக்குள் விரல் நீளத்தில் ஒரு அலுமினியக் கட்டை இருக்கிறது. லோடு செல் என்பார்கள். அதன் ஒரு முனையை அடிப்பாகத்தோடும் மறுமுனையைத் தட்டோடும் திருகியிருப்பார்கள். பாரம் ஏறினால் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும். அதன்மேல் ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெயின் கேஜ்களின் மின்தடை அப்போது மாறும். சிப் அந்த மாற்றத்தைக் கிராமாக்கிக் காட்டும். தராசுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பாத்திரத்தில் இருப்பது தண்ணீரா, எண்ணெயா, தேனா என்று அறிய அதற்கு வழியே இல்லை. ஆகவே மி.லி.க்கு மாற்றினால் அது கிராம் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்திலுள்ள எழுத்தை மட்டும் மாற்றுகிறது. சில மாடல்களில் பாலுக்கென்று தனி நிலை உண்டு. அதில் மட்டும் கிராமை 1.03 ஆல் வகுத்துக் காட்டும்.

தண்ணீருக்கு இந்தக் குறுக்குவழி நியாயமானது, அதற்குக் காரணமும் உண்டு. 1795இல் பிரான்சில் கிராமை வகுத்தபோதே, ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடை என்றுதான் வகுத்தார்கள். 1901 முதல் 1964 வரை லிட்டருக்கே ‘ஒரு கிலோ தண்ணீர் அடைக்கும் இடம்’ என்பதுதான் வரையறை. அந்த லிட்டர் 1000 கன சென்டிமீட்டரைவிடப் பத்து லட்சத்தில் 28 பங்கு பெரிதாக இருந்ததால், 1964இல் அதைக் கைவிட்டுச் சரியாக 1000 கன சென்டிமீட்டர் என்றாக்கினார்கள். கிலோவும் 2019 முதல் பிளாங்க் மாறிலி என்ற மாறாத இயற்பியல் எண்ணைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. இன்று கிலோவின் வரையறையிலும் லிட்டரின் வரையறையிலும் தண்ணீருக்கு இடமில்லை. எண்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன: 1 மி.லி. என்றால் 1 சி.சி., ஏறக்குறைய 1 கிராம். வெளிநாட்டுப் பாட்டில்களில் வரும் 1 சென்டிலிட்டர் 10 கிராம், 1 டெசிலிட்டர் 100 கிராம், 1 லிட்டர் 1 கிலோ, 1 கன மீட்டர் 1000 லிட்டர், அதாவது ஒரு டன்.

‘ஏறக்குறைய’ என்பது எவ்வளவு என்று பார்த்துவிடலாம். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அப்போது ஒரு லிட்டர் 999.97 கிராம். 20 டிகிரியில் 998.2, 25இல் 997.0, 30இல் 995.7, 40இல் 992.2, 60இல் 983.2, 80இல் 971.8, கொதிநிலையில் 958.4. தராசு காட்டுவது இவற்றிலிருந்தும் ஒரு கிராம் குறைவு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு லிட்டர் காற்றை விலக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காற்று சுமார் 1.2 கிராம். அந்த அளவுக்குத் தண்ணீரை அது மேலே தூக்கும். தராசைச் சரிசெய்யப் பயன்படும் எஃகு எடைக்கல்லையும் காற்று சிறிது தூக்கும் என்பதால், மொத்தத்தில் குறைவது சுமார் 1.05 கிராம். ஆக 30 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரை நிறுத்தால் 994.6. டிஸ்ப்ளேயில் 995.

தமிழ்நாட்டுச் சமையலறையில் குடத்துத் தண்ணீர் வருடத்தின் பெரும்பகுதி 28, 30 டிகிரியில்தான் இருக்கும். இரண்டுக்கும் டிஸ்ப்ளே காட்டுவது 995தான். அந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அதைக் கண்டுகொள்ளாமல் 1000 வரும்வரை ஊற்றினால் கிடைப்பது 1005 மி.லி. லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கூடுதல், அரை சதவீதம். சமையலில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. ஆய்வகங்களில் பிப்பெட்டை (திரவத்தை அளந்து எடுக்கும் குழாயை) சோதிப்பதும் இப்படித் தண்ணீரை நிறுத்துத்தான். அவர்கள் கிராமை 20 டிகிரிக்கு 1.0029, 30 டிகிரிக்கு 1.0054 ஆல் பெருக்கி மி.லி. ஆக்குவார்கள். நம் ஊர் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், அதனால் எடை கூடுமே என்று கேட்பவர்கள் உண்டு. லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு கரைந்திருந்தாலும் எடை முக்கால் கிராம்தான் கூடும், 1 கிராம் தராசு அதைக் கவனிக்காது. கடல் நீர் வேறு கதை, அது லிட்டருக்கு சுமார் 1025 கிராம்.

கொதிநீரில்தான் வித்தியாசம் பெரிதாகிறது. ஜக்கின் 500 கோடுவரை கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் உள்ளே இருப்பது 479 கிராம்தான். அதே ஜக்கில் அறைவெப்பத் தண்ணீர் என்றால் 497. டிகாக்ஷனுக்கு ஒருநாள் ஆறின தண்ணீரை அளந்து காய்ச்சுவதும், மறுநாள் கொதித்ததை ஜக்கில் அளப்பதும் சமமல்ல. நிறுத்து ஊற்றினால் இந்தக் குழப்பம் வராது.

எண்ணெய், தேன், பால்

இந்தத் தராசுகளில் எனக்குள்ள முதன்மையான குறை இதுதான். விற்பனைப் பக்கங்களில் ‘திரவங்களை மி.லி.யில் அளக்கலாம்’ என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். தண்ணீர் என்று மட்டும் எழுதியிருக்க வேண்டும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாமே மி.லி.க்கு 0.91 – 0.92 கிராம். டிஸ்ப்ளேயில் 100 மி.லி. வரும்வரை எண்ணெய் ஊற்றினால் பாத்திரத்தில் இருப்பது 109 மி.லி. தேன் மி.லி.க்கு 1.4 கிராமுக்கு மேல், எனவே 100 என்று காட்டும்போது உண்மையில் 70 மி.லி.தான் இருக்கும். பால் 1.03. ஆவின் அரை லிட்டர் பாக்கெட்டில் பாலின் எடை மட்டும் ஏறக்குறைய 515 கிராம் இருக்க வேண்டும், கவரின் எடை தனி. நிறுத்துப் பார்த்து 500க்கு மேல் வந்ததும் ‘கூடுதலாகக் கொடுக்கிறார்கள்’ என்று மகிழவோ, ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட் 910 காட்டியதும் கடைக்காரரோடு சண்டைக்குப் போகவோ வேண்டாம்.

எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். லிட்டரும் கிராமும் சேர்த்தே அச்சிட்டிருக்கும். இதில் ஒரு தந்திரமும் நடந்துகொண்டிருந்தது. எண்ணெய் சூட்டில் தண்ணீரைவிட வேகமாக விரியும். 60 டிகிரியில் ஒரு லிட்டர் என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டால், லிட்டருக்கு 20 கிராமுக்கு மேல் குறைத்து அடைக்கலாம். வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவையும் அதற்குச் சரியான எடையையும் அச்சிட வேண்டும் என்று 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது இதனால்தான். வாங்குகிறவர்கள் கிராமை வைத்து விலையை ஒப்பிடுவதே சரி. சூடு ஏறினாலும் இறங்கினாலும் கிராம் மாறாது.

எனவே பழக்கத்துக்கு ஒரே விதி வைத்துக்கொள்ளலாம். தராசை எப்போதும் கிராமிலேயே விடுங்கள். தண்ணீருக்கு எண்ணை அப்படியே மி.லி.யாக எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க்கு, வேண்டிய மி.லி.யை 0.92 ஆல் பெருக்கி அத்தனை கிராம் ஊற்றுங்கள். யூனிட் பட்டன், பாத்திரத்தின் எடையைக் கழித்துப் பூஜ்யமாக்கும் டேர் பட்டனுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கை தவறிப் பட்டு அவுன்ஸுக்குப் போய்விடுவதும் அடிக்கடி நடக்கும். ஒரு அவுன்ஸ் 28.35 கிராம், எண் திடீரென்று முப்பதில் ஒரு பங்காகக் குறைந்தால் காரணம் அதுதான்.

ஜக்கைத் தராசில் வைத்துப் பார்ப்பது

கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக்குகள் எவ்வளவு சரி என்பதைத் தராசு வந்த அன்றே பார்த்துவிடலாம். ஜக்கை உள்ளும் புறமும் துடைத்துத் தட்டின் நடுவில் வைத்து, டேர் அழுத்திப் பூஜ்யமாக்குங்கள். 200 கோடுவரை ஊற்றுங்கள். ஜக்கைக் கையில் தூக்கிப் பார்க்காதீர்கள், கை சாயும். மேடையில் இருக்கும்போதே குனிந்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். மேலிருந்து பார்த்தால் மட்டம் இருப்பதைவிட உயரமாகத் தெரியும், அளவுக்குக் குறைவாக ஊற்றிவிடுவோம். கண்ணாடி ஜக்கில் தண்ணீர் ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்து நிற்கும். குழிவின் அடிப்புறம் கோட்டைத் தொட வேண்டும். பாலிபுரொப்பிலீன் ஜக்கில் தண்ணீர் ஒட்டாது, மட்டம் தட்டையாகவே இருக்கும்.

30 டிகிரித் தண்ணீருக்கு 200 கோட்டில் 199, 500இல் 497, 1000இல் 995 வர வேண்டும். சற்று முன்பின் வந்தால் ஜக்கைக் குறைசொல்லும் முன் ஒரு கணக்கு. ஜக்கின் உள்விட்டம் 10 செ.மீ. என்றால், தண்ணீர் மட்டம் 1 மி.மீ. ஏறுவது என்பது 7.85 மி.லி. விட்டம் 12 செ.மீ. என்றால் 11.3 மி.லி. அச்சடித்த கோட்டின் தடிமனே கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். கோட்டின் மேல் விளிம்பா கீழ் விளிம்பா என்பதிலேயே எட்டு மி.லி. போய்விடும். ஆகவே அகன்ற ஜக்கில் 10 மி.லி. வித்தியாசம் உங்கள் கண்ணின் பிழையாகவே இருக்கலாம். இருபது, முப்பது என்று போனால், அதுவும் எல்லாக் கோடுகளிலும் ஒரே பக்கமாகப் போனால், கோடு தவறு. அப்போது சரியான எடை வரும்வரை ஊற்றி, ஜக்கின் வெளிப்புறம் பெர்மனென்ட் மார்க்கரால் புதுக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இதே கணக்குத்தான் ஒரு லிட்டர் ஜக்கில் 50 மி.லி. அளப்பது ஏன் வீண் என்பதையும் சொல்கிறது. எட்டு மி.லி. பிழை 1000இல் ஒரு சதவீதம்கூட இல்லை. 50இல் அது 16 சதவீதம். ஆய்வகத்து 100 மி.லி. மெஷரிங் சிலிண்டர் ஒல்லியாக இருப்பது இதனால்தான். ‘ஏ’ வகுப்புச் சிலிண்டரில் பிழை அரை மி.லி.க்குள் இருக்க வேண்டும், 1000 மி.லி. வால்யூமெட்ரிக் குடுவையில் 0.4 மி.லி.க்குள். வீட்டுக்கு அந்த விலை தேவையில்லை.

மெஷரிங் ஸ்பூன் செட்டையும் சோதிக்கலாம், ஆனால் ஒரு டீஸ்பூனை மட்டும் நிறுக்காதீர்கள். 5 கிராம் பொருளுக்கு 1 கிராம் தராசு 4 என்றும் 6 என்றும் காட்டக்கூடும். டம்ளரை டேர் செய்து பத்து டீஸ்பூன் ஊற்றி 50 கிராம் வருகிறதா, பத்து டேபிள்ஸ்பூனுக்கு 149, 150 வருகிறதா என்று பாருங்கள். ஸ்பூன் தளும்பும்போது தண்ணீர் விளிம்புக்கு மேல் உப்பி நிற்கும். அப்படி ஊற்றினால் பத்துக்கு ஐந்தாறு கிராம் கூடும், அது ஸ்பூனின் தவறல்ல. கப்பில் இன்னொரு சிக்கல்: மெட்ரிக் கப் 250 மி.லி., பல செட்டுகளில் 240, அமெரிக்கச் சமையல் குறிப்புகளின் கப் 236.6, ரைஸ் குக்கரோடு வரும் கப் 180. கப்பின் அடியிலுள்ள எண்ணைப் பாருங்கள், அது இல்லையென்றால் தண்ணீர் நிரப்பி நிறுத்துவிடுங்கள்.

எங்கே ஏமாற்றும்

தண்ணீரை மெல்ல ஊற்றும்போது தராசு விழுங்கிவிடும். இது பலருக்குத் தெரியாத, ஆனால் இந்த வகைக் கருவிகளில் மிகப் பொதுவான குணம். பூஜ்யத்தில் நிற்கும் தராசு, சூட்டாலும் காற்றாலும் வரும் சிறு நகர்வுகளைத் தானே பூஜ்யமாக்கிக்கொள்ளும்படி அமைந்திருக்கிறது. டேர் செய்த டம்ளரில் சொட்டுச் சொட்டாக விட்டால், ஒவ்வொரு சொட்டையும் நகர்வு என்று நினைத்து அழித்துவிடும். ஐந்தாறு கிராம் விழுந்த பிறகும் 0 என்றே காட்டிக்கொண்டிருக்கும். இதற்கு வழி, முதலில் இருபது முப்பது கிராமைச் சட்டென்று ஊற்றிவிட்டு, கடைசிச் சொட்டுகளை மட்டும் மெதுவாக விடுவது. கொஞ்சமே தேவையென்றால், டேர் செய்த பிறகு தட்டில் ஒரு கனமான கரண்டியை வைத்து, அது காட்டும் எண்ணிலிருந்து கணக்கை ஆரம்பியுங்கள். முடிந்ததும் பாத்திரத்தையே தூக்கிவிட்டுத் திரும்ப வைத்துப் பார்ப்பதும் நல்லது. விழுங்கியிருந்தால் வித்தியாசம் அங்கே தெரிந்துவிடும்.

அடுத்தது தானாக அணைவது. இரண்டு மூன்று நிமிடம் எண் மாறாமல் இருந்தால் அணைந்துவிடும், டேரும் அதோடு போய்விடும். மறுபடி போட்டால் பாத்திரம், தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்துப் பூஜ்யமாக்கி நிற்கும். பாத்திரத்தின் காலி எடையை முன்பே எழுதி வைத்திருந்தால் கணக்கு கெடாது. அடிக்கடி பயன்படுத்தும் பாத்திரங்களின் அடியில் மார்க்கரால் எடையை எழுதி வைப்பது சின்ன வேலைதான், பெரிய உதவி.

சூடான பாத்திரத்தை நேராகத் தட்டில் வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் கெடும் என்பது ஒரு காரணம். லோடு செல்லுக்குச் சூடு ஏறினால் எண் ஓடிக்கொண்டே இருக்கும் என்பது இன்னொன்று. நடுவில் ஒரு மரப்பலகையையோ கார்க் தட்டையோ வைத்து அதையும் சேர்த்து டேர் செய்யுங்கள். கொதிக்கும் தண்ணீர் ஆவியாகி எடை குறைந்துகொண்டே வருவதும் டிஸ்ப்ளேயில் தெரியும், அது தராசின் பிழையல்ல.

தராசு நிற்கும் தரை கெட்டியாகவும் மட்டமாகவும் இருக்க வேண்டும். கிரானைட் மேடை நல்லது. ரப்பர் மேட், மடித்த துணி, ஆடும் ஸ்டூல் கூடாது. ஃபேனுக்கு நேர் கீழே வைத்தால் அகன்ற பாத்திரத்தில் ஒன்றிரண்டு கிராம் ஆடும். பாரம் ஓரத்தில் இருந்தாலும் எண் மாறும், எனவே எப்போதும் நடுவில். அகன்ற தேக்சா டிஸ்ப்ளேயை மறைக்கும். தட்டின்மேல் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் தேக்சாவை வைத்து டேர் செய்தால் எண் தெரியும்.

டேர் அழுத்தினால் தராசின் கொள்ளளவு கூடிவிடாது. 5 கிலோ தராசில் 2 கிலோ பாத்திரத்தை வைத்து டேர் செய்தால் மிச்சமிருப்பது 3 லிட்டருக்கான இடம்தான். அதற்கு மேல் ஊற்றினால் எரர் காட்டும், தொடர்ந்து அழுத்தினால் கட்டை நிரந்தரமாக வளைந்துவிடும். அதன் பிறகு அந்தத் தராசைத் திருத்த முடியாது. தண்ணீர் அளக்கவே வாங்குபவர்கள் 10 கிலோ மாடலை எடுப்பது நல்லது. பேட்டரி இறங்கும்போது ‘லோ’ என்று காட்டும் முன்பே எண் தடுமாற ஆரம்பிக்கும், அப்போதே செல்லை மாற்றிவிடுங்கள்.

தராசே சரியா?

மளிகைக் கடையின் முத்திரையிட்ட எடைக்கல்லில் வைத்துப் பார்ப்பதே உத்தமம். 500 கிராம், 1 கிலோ இரண்டையும் ஒரு நிமிடம் கொடுக்க எந்தக் கடைக்காரரும் மறுக்க மாட்டார். ஒரு கிலோவுக்கு ஓரிரு கிராம் வித்தியாசம் இந்த விலைக்கு ஏற்கத்தக்கது. அதில் அரை கிராம் பூமியின் பங்காகவும் இருக்கலாம். தராசு அளப்பது புவியீர்ப்பை. தென்சீனத்தில் சரிசெய்த தராசு, நிலநடுக்கோட்டுக்கு இன்னும் அருகிலுள்ள சென்னையில் கிலோவுக்கு அரை கிராம் குறைத்துக் காட்டும்.

கல் கிடைக்காதபோது நாணயம் உதவும். 2011 வரிசை ஐந்து ரூபாய் 6.00 கிராம், ஐம்பது சேர்த்தால் 300. 2019 வரிசை ஐந்து ரூபாய் 6.74 கிராம், பழைய தடித்த வெள்ளை ஐந்து ரூபாய் 9 கிராம், எனவே கலந்துவிடக் கூடாது. இருபது ரூபாய் நாணயம் 8.54 கிராம். ஒரு கிலோ உப்பு பாக்கெட்டையோ ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலையோ எடைக்கல்லாக நினைக்காதீர்கள். பொட்டல விதிகளே அந்த அளவில் 15 கிராம் அல்லது 15 மி.லி. வரை முன்பின் இருக்க அனுமதிக்கின்றன.

கல்லும் நாணயமும் இல்லாமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுத்துத் தனித்தனியாக நிறுங்கள், பிறகு இரண்டையும் சேர்த்து நிறுங்கள். கூட்டுத்தொகை ஒன்றிரண்டு கிராமுக்குள் ஒத்துப்போக வேண்டும். தராசு சரியான அளவு காட்டுகிறதா என்பது இதில் தெரியாது. கீழ் எடையிலும் மேல் எடையிலும் ஒரே மாதிரி நடக்கிறதா என்பது தெரியும். பட்டனை அழுத்திப் பிடித்தால் சில மாடல்கள் காலிபரேஷன் நிலைக்குப் போகும். கையில் சரியான எடைக்கல் இல்லாமல் அதற்குள் போகாதீர்கள்.

உண்மையில் பயன்படும் இடங்கள்

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். கரைப்பதுதான் என் கணக்கில் முதல் இடம். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட், மொத்தம் 20.5 கிராம் ஒரு லிட்டருக்கு. அந்தப் பாக்கெட்டை 750 மி.லி. பாட்டிலில் கொட்டிவிட்டால் கரைசல் மூன்றில் ஒரு பங்கு அதிகச் செறிவாகிவிடும். வயிற்றுப்போக்கில் வாடிக் கிடக்கும் குழந்தைக்கு அது உதவிக்குப் பதில் கெடுதல். பாக்கெட்டில் எத்தனை மி.லி. என்று முதலில் படியுங்கள், 200 மி.லி.க்கான சின்னப் பாக்கெட்டுகளும் உண்டு. சுத்தமான பாத்திரத்தை டேர் செய்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை அத்தனை கிராம் ஊற்றி, பிறகு பொடியைப் போடுங்கள். இங்கே 995ஆ 1000ஆ என்பது பொருட்டில்லை, 750ஆ 1000ஆ என்பதே பொருட்டு. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

மாடித்தோட்டத்துக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி. என்று சொல்வார்கள். இதில் தண்ணீரைத் தராசில் வைத்து அளங்கள், எண்ணெயை வேண்டாம். 5 மி.லி. வேப்பெண்ணெய் நாலரை கிராம் சொச்சம், 1 கிராம் தராசுக்கு அது மிகச் சின்னது. மருந்துக்கடையில் கிடைக்கும் 5 அல்லது 10 மி.லி. சிரிஞ்சு இந்த வேலைக்குத் தராசைவிட நல்லது.

பக்கெட், கேன், ஸ்பிரேயர் போன்றவற்றுக்குக் கொக்கி போட்ட தொங்கு தராசு வாங்கலாம். 50 கிலோ வரை, 10 கிராம் படியாகக் காட்டும். கையில் பிடித்துத் தூக்கினால் எண் ஆடும், ஒரு கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டால் நிலைக்கும். காலி எடையைக் கழித்தபின் 20 லிட்டர் கேனுக்கு 19.9 கிலோ, 16 லிட்டர் ஸ்பிரேயருக்கு 15.9 கிலோ வர வேண்டும். பக்கெட்டை நிறுத்து உள்பக்கம் 5 லிட்டருக்கு ஒரு கோடு போட்டுவிட்டால், அதற்குப் பிறகு மருந்து கலக்கத் தராசே வேண்டாம்.

அதற்கும் பெரியதைத் தூக்க முடியாது, கணக்குத்தான். சம்ப் அளவை நம் மேஸ்திரிகள் அடியில் சொல்வார்கள்; ஒரு கன அடி 28.3 லிட்டர். 6 அடிக்கு 5 அடி, ஆழம் 4 அடி என்றால் 120 கன அடி, சுமார் 3400 லிட்டர், அதாவது 3.4 டன். மொட்டை மாடியில் வைக்கும் 1000 லிட்டர் தொட்டி நிரம்பினால் ஒரு டன். அதன் அடிப்பாகத்தின் விட்டம் 1.1 மீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில் அந்த டன் உட்காரும். ஆட்கள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது 150 கிலோ சொச்சம்தான். எனவே தொட்டியை ஸ்லாபின் நடுவில் வைக்காமல் தூண், பீம் அல்லது சுமக்கும் சுவருக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள். ஏற்றுமுன் பொறியாளரிடம் ‘ஒரு டன்’ என்ற எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

வாங்கும்போது: 10 கிலோ கொள்ளளவு, 1 கிராம் படி, வெளியே கிடைக்கும் ஏஏ அல்லது ஏஏஏ செல், பாத்திரத்துக்கு வெளியே நீண்டு நிற்கும் டிஸ்ப்ளே. கண்ணாடித் தட்டு மாடலைத் துடைப்பது எளிது, ஆனால் தொடு பட்டன்கள் ஈரக் கை பட்டாலே வேலை செய்ய ஆரம்பித்துவிடும். தண்ணீர் வேலைக்கு அழுத்தும் பட்டன்தான் நல்லது. இவை எதுவும் வாட்டர்ப்ரூஃப் அல்ல. தட்டில் சிந்தினால் உடனே சாய்த்து வடித்து, செல் மூடியைத் திறந்து துடைத்துவிடுங்கள். ஈரம் தங்கினால் செல் தொடும் ஸ்பிரிங்கில் பச்சை படியும், அதன் பிறகு தராசு காரணமில்லாமல் அணைந்து அணைந்து வரும். வீட்டிலிருந்து ஊறுகாய், மாவு விற்பவர்கள் இதில் நிறுத்து விற்கக் கூடாது. வியாபாரத்துக்கு, எடையளவுச் சட்டப்படி சரிபார்த்து முத்திரையிட்ட தராசுதான் வேண்டும். தமிழ்நாட்டில் அதைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்கலாம்.